முறைக்காய்ச்சல் பிடித்த மோட்டார் வண்டி

நோய்களுள்ளே மருத்துவரை மிகவும் சோதிப்பது விட்டுவிட்டு வரும் நோயே. எந்நேரமும் இருந்து வருத்தும் நோயை நாடி பிடித்துப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், வேண்டுமாயின் அருகிருந்து இரவு முழுதும் கவனிக்கலாம். வந்து போகும் நோயோ, மருத்துவர் வாயிலில் கால் வைத்ததும் மறைந்துவிடும். "நேற்று மாலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்று நோயாளி சொல்லிக்கொண்டிருப்பார். மருத்துவர் கையிலுள்ள வெப்பமானி அவரைப் பொய்யராக்கிக்கொண்டிருக்கும். இத்தகைய காய்ச்சலுக்கு நம் முன்னோர் 'முறைக்காய்ச்சல்' என்று பெயரிட்டனர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின் கதைகளை வீட்டு முதியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோர்க்கு இச்சொல் அந்நியமன்று. காய்ச்சல் எந்நாள், எந்நேரத்தில் ஏறியது என்று குறித்து வைத்தவரே அந்நோயின் இனத்தை அறிந்தார்.

மோட்டார் வண்டிக்கும் முறைக்காய்ச்சல் உண்டு என்று நான் சொன்னால் வாசகர் நகைக்கக்கூடும். ஆயினும் பழைய காரொன்றை வைத்திருப்பவர் நகைக்கமாட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் காரணமின்றி இருமும், நிற்கும், ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். எரிந்துகொண்டிருந்த தலைவிளக்கு மங்கும். ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்ததும் பளிச்சென்று எரியும். கராஜுக்குக் கொண்டுபோனாலோ வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். இயந்திரக் கோளாறு பெரும்பாலும் நேர்மையானது; முறிந்த அச்சு முறிந்தே கிடக்கும். மின்சாரக் கோளாறுதான் இவ்வண்ணம் ஒளிந்து விளையாடுவது.

கொழும்பு மாநகரில் இந்நோயை ஆராய இடமும் வாய்ப்பும் நிரம்ப உண்டு. 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் உலகுக்கு முகங்காட்டிய மொறிஸ் மைனர், அதன் ஒத்த வயதினரான ஒஸ்ரின், ஹில்மன், பேஜோ முதலிய வண்டிகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்றும் மூடுதுணி போர்த்து உறங்குவதைக் காணலாம். சில வண்டிகளில் 'சிலோன்' என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இவ்விரண்டாகக் கோத்த பழைய இலக்கத் தகடும் இருக்கும். இவை இத்துணைக் காலம் உயிர்வாழ்ந்தமைக்குப் பழைமைப் பற்று மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் இறக்குமதி சுருங்கிற்று. 1977இல் பொருளாதாரக் கதவு திறந்த பின்னரே புதிய வண்டிகள் தாராளமாக வந்தன. 2020 மார்ச்சில் அக்கதவு மறுபடி அடைபட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ருவரியிலேதான் திறந்தது. புதியது வாங்க இயலாத நாட்டில் பழையதைப் பழுதுபார்ப்பவனே பெருமகன். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும், கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிப் பக்கத்துச் சிறு கராஜ்களும் இத்தேவையை உண்டு வளர்ந்தவை.

நிற்க. நோயை அறியுமுன் உடலின் அமைப்பை அறிதல் முறை.

வீட்டு மின்சாரத்தைக் கண்டு பழகியோர்க்குக் காரின் மின்சாரம் முதலில் வியப்பளிக்கும். வீட்டில் ஒரு மின்குமிழுக்கு இரு கம்பிகள்: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. காரிலோ போகும் வழிக்கு மட்டுமே கம்பி உண்டு. திரும்பும் வழி வண்டியின் இரும்புடலே. பற்றரியின் ஒரு முனையைத் தடித்த பட்டியொன்றினால் உடலோடு பிணைத்துவிடுவர். எந்த விளக்காயினும் தன் காலடியிலுள்ள தகட்டில் மின்னோட்டத்தை இறக்கிவிட்டால் போதும், அது தானே வீடு சேர்ந்துவிடும். இதனை 'ஏர்த்' என்பது தொழிலாளர் வழக்கு. நிலத்தோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. 1950களின் ஆங்கில வண்டிகளில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின்னரே எதிர்முனைக்கு மாறினர். இதனை அறியாமல் புதிய வானொலிப் பெட்டியொன்றை வாங்கிப் பொருத்திப் புகைய வைத்த இளைஞர் பலர்.

உடலே கம்பி என்பது சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு யாது? வண்டியில் துருப்பிடித்த ஒவ்வோர் ஆணியும், நிறம் பூசிய ஒவ்வொரு பொருத்தும் மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. பின்விளக்கின் காலடியில் துரு ஏறியதென்று வைத்துக்கொள்வோம். சாரதி பிரேக்கை மிதிக்கிறார். பிரேக் விளக்குக்கு வந்த மின்னோட்டம் உடலில் இறங்க வழியின்றி, அருகேயுள்ள மற்றொரு குமிழின் இழை வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து வேறிடத்தில் வீடு தேடும். ஆகவே எரிய வேண்டியது மங்க, எரியக்கூடாதது மினுங்கும். காண்போர் பேய் பிடித்ததென்பர். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டி அறுந்தாற் கூத்து இன்னும் பெரிது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் உடலோடு அதற்கு வேறு நல்ல தொடர்பில்லை. ஸ்ராட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான அம்பியர் கேட்கும். அவ்வளவும் 'சோக்' கம்பியின் மெல்லிய உருக்குச் சுருள் வழியே திரும்ப முயலும். சோக் குமிழைத் தொட்ட கை சுடுகிறதென்றால், பற்றரியை மாற்ற வேண்டியதில்லை; பட்டியைப் பார்க்க வேண்டும்.

ஆளி, உருகி, மின்குமிழ், தடை என்று நம் பாடநூல்கள் அழகிய சொற்களைத் தந்துள்ளன. அவற்றுள் 'தடை' என்பதே இங்கே முதன்மையானது. மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றுக்குமுள்ள உறவை 1827இல் வெளியிட்ட கேயார்க் ஓம், கொலோன் நகரப் பாடசாலையில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். ஆசிரியர் ஒருவரின் கண்டுபிடிப்பைப் பேராசிரியர்கள் உடனே மதிக்கவில்லை. இலண்டன் றோயல் சொசைற்றியின் கொப்ளிப் பதக்கம் அவருக்கு 1841இல்தான் கிடைத்தது. அவருடைய விதியை நாம் பரீட்சைக்காக மனனஞ்செய்கிறோம். அதை ஒரு கார் விளக்கில் வைத்துப் பார்ப்போம். 42 வாற் தலைவிளக்கு 12 வோல்ற்றில் மூன்றரை அம்பியர் இழுக்கும். வழியில் ஒரு பொருத்தில் களிம்பேறி அரை ஓம் தடை உண்டாயிற்றெனில், ஏறத்தாழ ஒன்றரை வோல்ற் அங்கேயே செலவாகிவிடும். எட்டில் ஒரு பங்குதானே என்று எண்ணற்க. இழை விளக்கின் ஒளி அழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறைவது. எட்டில் ஒரு பங்கு அழுத்தம் போனால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். இவ்வரை ஓம் தடையை வெற்றுக் கண்ணாற் காண இயலாது. அது கையாற் சற்று அசைத்தால் மறையும், சூடேறினால் மீளும்.

இவ்விடத்திலேதான் அரைகுறைத் தொழிலாளியும் தேர்ந்த தொழிலாளியும் பிரிகின்றனர். முன்னவர் கம்பியைக் கழற்றி அதன் முனையில் மீற்றரை வைப்பார். முள் 12ஐக் காட்டும். "மின்சாரம் வருகிறது, கம்பியிற் குற்றமில்லை" என்று தீர்ப்பளிப்பார். இது தவறான சாட்சியம். முப்பது இழைகளில் இருபத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் மீற்றர் 12ஐத்தான் காட்டும். ஏனெனில் மீற்றர் கேட்பது துளியிலும் துளியான மின்னோட்டம். சுமையில்லாத வேளையில் யாவரும் வலியரே. விளக்கை எரியவிட்டு, மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஐயத்துக்குரிய பொருத்தின் இருபுறமும் மீற்றரின் இரு முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பொருத்தாயின் முள் எழாது. எழுந்தாலும் வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அங்கே ஒரு வோல்ற் தெரிந்தால் கள்வன் அகப்பட்டான். ஒரு பாகத்தையும் கழற்றாமல், ஒரு சதமும் செலவில்லாமல் செய்யும் சோதனை இது. பிரித்தானியத் தபாற்பகுதிப் பொறியியலாளர் டொனால்ட் மக்கடி என்பவரின் முயற்சியால் 1923இல் வெளிவந்த 'ஆவோ' மீற்றர், அம்பியர், வோல்ற், ஓம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய நாள் முதல் இதற்கு வேண்டிய கருவியும் குறைவில்லை. பௌதிக ஆசிரியர்கள் ஒரு பற்றரி, ஒரு குமிழ், துருப்பிடித்த ஓர் ஆணி ஆகியவற்றைக் கொண்டு வகுப்பிலேயே இதனைச் செய்து காட்டலாம். விதியை எழுதும் மாணவர் பலர். சுமையோடு அளத்தலுக்கும் சுமையின்றி அளத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர் சிலரே.

வண்டியின் கம்பிக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது பழைய ஏட்டைப் படிப்பதற்கு ஒப்பானது. பேர்மிங்ஹாம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் நிற ஒழுங்கையே அக்கால ஆங்கில வண்டிகள் பெரும்பாலும் பின்பற்றின. கபிலம் என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது; வெள்ளை என்றால் சாவி திருப்பியபின் எஞ்சினின் பற்றவைப்புக்குச் செல்வது; பச்சை, அவ்வெள்ளையே உருகியைக் கடந்து வந்த வடிவம்; ஊதா, எப்போதும் உயிருள்ள உருகி வழி; நீலம் தலைவிளக்கு; சிவப்பு பக்க விளக்கு; கறுப்பு உடலுக்குத் திரும்புவது. இதனை மனத்திற்கொண்டவர் எந்த வண்டியையும் வாசிக்கலாம். மொறிஸ் மைனரில் உருகிகள் இரண்டே. பற்றவைப்பும் தலைவிளக்கும் அவற்றின் காவலுக்குப் புறம்பானவை என்பதையும் இந்நிறங்களே சொல்லிவிடும்.

ஆனால் ஆண்டுகள் அறுபது எழுபது கழிந்த வண்டியில் மூலபாடம் எங்கே இருக்கிறது? பருத்தி நூல் சுற்றிய கம்பிகளில் எண்ணெயும் வெப்பமும் படிந்து எல்லா நிறமும் ஒரே கருமையாகிவிட்டன. இடையிடையே யாரோ ஒருவர் அவசரத்துக்கு வீட்டுக் கம்பியைச் செருகியிருப்பார். வெள்ளை புறப்பட்ட இடத்தில் மஞ்சள் வந்து சேரும். ஏடெழுதுவோர் பிழைகளும் இடைச்செருகல்களும் மலிந்த சுவடியைக் கையிலெடுத்த பதிப்பாசிரியரின் நிலையே இங்கு தொழிலாளியின் நிலை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் எத்தனை பொறுமையோடு ஏடுகளை ஒப்பிட்டிருப்பார் என்பதை, ஒரு பழைய காரின் கம்பிக் கட்டை அவிழ்த்துப் பார்த்த பின்னரே நான் ஒருவாறு உணர்ந்தேன். ஒப்புமை மிகையென்று புலவர்கள் கடிந்துகொள்ளலாம். நான் அதை விடுவதாயில்லை.

லூக்காஸ் பெயரைச் சொன்னதும் மோட்டார் அன்பர் சிலர் புன்னகைப்பர். 'வீதியின் மன்னன்' என்று தன் விளக்குகளுக்கு விருதிட்டுக்கொண்ட அந்நிறுவனத்துக்கு ஆங்கில நாட்டார் பிற்காலத்தில் 'இருளின் இளவரசன்' என்று பட்டஞ்சூட்டிவிட்டனர். பகடி நல்ல பகடிதான். ஆயினும் ஒரு கம்பி அறுபது மாரிகளையும், ஆறு உரிமையாளர்களையும், அதற்கு மேற்பட்ட கைவினைஞர்களையும் தாங்கிய பின்னர் அதன் பிழையை உற்பத்தி செய்தவர் தலையிற் சுமத்துவது நீதியன்று என்பது என் கட்சி.

கொழும்பிலே மற்றொரு பெருங்குற்றவாளி உண்டு; அது கடல். வெள்ளவத்தையில் கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே புகைவண்டிப் பாதை மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்புத் துகள் சன்னற் கம்பியில் படிவதைப் போலவே காரின் கம்பிப் பொருத்துகளிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் செம்பைப் பச்சையாக்கும். சைவ வகுப்பிற் பயின்றோர்க்குச் செம்பிற் களிம்பு என்ற உவமை புதிதன்று. அவ்வுவமையில் களிம்பு செம்போடு உடன்பிறந்தது. காரிலோ அது வெளியிலிருந்து வந்து, கம்பியின் உறைக்குள்ளே விரல் நீளம் ஊர்ந்து போய்விடுவது. உறை மேலே பளபளப்பாக இருக்கும். உள்ளே செம்பு பொடியாகியிருக்கும். ஆகவே வெள்ளவத்தைக் காரொன்று மின்நோய் கண்டால் எல்லாரும் கடற்காற்றையே சுட்டுவர். இந்தத் தயார்த் தீர்ப்பு எவ்வளவு தூரம் வழிகெடுக்கும் என்பதற்கு நான் நேரிற் கண்டதொன்றைச் சொல்கிறேன்.

என் அயலவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவரிடமுள்ள ஆங்கிலக் கார் அவருடைய மாமனார் 1950களில் வாங்கியது. மனைவியாருக்குச் சிறுநீரக நோய். கிழமைக்கு இருமுறை விடியுமுன் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கல் அவ்வம்மையாருக்கு ஆகாது. தம் தந்தையாரின் காரில் சாய்ந்து போவதிலே அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. அந்தக் கார் வழியில் நிற்கத் தொடங்கியது. முதல் கராஜில் கொயிலை மாற்றினர். இரண்டாவதில் கண்டென்சரும் பிளக்குகளும். மூன்றாவதில் பெற்றோல் பம்பி. ஒவ்வொரு முறையும் காலி வீதியில் ஓட்டிக் காட்டி, நோய் தீர்ந்ததென்று கூலி வாங்கினர். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளில் வண்டி மறுபடி நின்றது. விடியற்கருக்கலில், வெறிச்சோடிய தெருவில், நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு முதியவர் ஒருவர் எஞ்சின் மூடியைத் திறந்து நிற்கும் காட்சியை வாசகர் எண்ணிப் பார்க்கவும். ரொறன்ரோவிலுள்ள பிள்ளைகள், "அதை விற்றுவிடுங்கோ அப்பா" என்று தொலைபேசியில் வற்புறுத்தினர். அவர் விற்கவும் மனமில்லாமல், நம்பவும் துணிவில்லாமல் தவித்தார்.

மூன்று கராஜ்களும் செய்தது ஒன்றே: ஐயப்பட்ட பாகத்தை விசாரணையின்றித் தண்டித்தது. ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டியனின் கதையைக் கற்ற நாட்டில் இது நடப்பது வியப்பு. விட்டுவிட்டு வரும் கோளாற்றில் இம்முறையின் தீங்கு இரட்டிப்பானது. ஏனெனில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் கோளாறு இரண்டு நாள் ஒளிந்திருந்து, மாற்றியதே மருந்தென்று நம்பவைத்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒழுங்கையொன்றில் தொழில்பார்க்கும் முதியவர் ஒருவரிடம் இறுதியாகப் போனோம். ஆசிரியர் வேண்டியபடியால் நானும் துணைக்குச் சென்றேன். அந்தப் 'பாஸ்' எஞ்சின் மூடியைத் திறக்கவேயில்லை. வாங்கிலிருந்தபடி கேள்விகள் கேட்டார். எந்தத் தெருவில் நின்றது? எத்தனை மணிக்கு? மழையா, வெயிலா? விளக்கு எரிந்ததா? ஹோர்ன் அடித்ததா? கணித ஆசிரியர் அல்லரா, அவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பதினொரு முறை நின்றிருந்தது. பதினொன்றும் மரைன் டிரைவில். காலி வீதியில் ஒருமுறைகூட இல்லை.

"அப்ப கடற்காற்றுத்தானே பாஸ்?" என்றார் ஆசிரியர்.

"காற்று மாஸ்டரின்ர வீட்டு முற்றத்திலயும் அடிக்குதுதானே. அங்க நிற்கேல்லயே" என்றார் முதியவர். சற்று யோசித்து, "நிற்கப் பார்க்கேக்க, காலை எடுத்தால் திரும்பப் பிடிக்குதோ?" என்று கேட்டார். பிடிப்பதுண்டு என்றார் ஆசிரியர். முதியவர் தலையை ஆட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

பின்னர் அவர் செய்த ஏற்பாடு மிக எளிது. பெற்றோல் எஞ்சினின் பற்றவைப்பு முறையை இங்கே சில வரிகளில் சொல்லியாக வேண்டும். பற்றரியிலிருந்து கொயிலுக்கு மின்னோட்டம் வருகிறது. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பொயின்ற்' எனும் சிறு கதவு வழியாக உடலில் இறங்குகிறது. அக்கதவு மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 2000 முறை சுழலும் நாற்சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 4000 பொறிகள். முதியவர் கொயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலிருந்து நீண்ட கம்பி இழுத்து ஒரு சிறு குமிழைச் சாரதி முன்னே தொங்கவிட்டார். கொயிலிலிருந்து மின்சாரம் வெளியேறும் முனையை மீற்றரோடு இணைத்து, மீற்றரை என் மடியில் வைத்தார். இலக்கம் காட்டும் புதிய மீற்றரன்று. முள்ளுள்ள பழைய மீற்றர். கதவு மூடியிருக்கும்போது அம்முனையில் அழுத்தம் இல்லை. திறந்திருக்கும்போது முழு அழுத்தம். எஞ்சின் ஓடுகையில் முள் இரண்டின் சராசரியாக நான்கு, ஐந்து வோல்ற்றில் நடுங்கிக்கொண்டு நிற்கும். இலக்க மீற்றரில் எண்கள் பதறி ஓடுமேயன்றி ஒன்றும் விளங்காது.

வண்டி நிற்கும் கணத்தில் குமிழ் அணைந்தால் பிழை கொயிலுக்கு முன்னே: சாவி ஆளியிலோ வெள்ளைக் கம்பியிலோ. குமிழ் எரிய, முள் பூச்சியத்துக்கு விழுந்தால் மின்சாரம் கதவைக் கடவாமல் எங்கோ உடலில் ஒழுகுகிறது. அல்லது கொயிலே அறுந்தது. குமிழ் எரிய, முள் மேலேறினால் மின்சாரம் கொயிலைக் கடந்தும் இறங்க வழியின்றி நிற்கிறது. ஒரு குமிழும் ஒரு முள்ளும் கொண்டு, ஒளிந்து திரியும் நோயை மூன்று அறைகளில் ஒன்றுக்குள் அடைத்தாயிற்று. நோய் வரும் கணத்தில் நாம் விழித்திருக்க வேண்டும், அவ்வளவே.

மறுநாள் அதிகாலை மூவரும் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கி மரைன் டிரைவில் புறப்பட்டோம். பம்பலப்பிட்டியை அடையுமுன் வண்டி இருமியது. குமிழ் எரிந்துகொண்டிருந்தது. என் மடியில் முள் நான்கிலிருந்து துள்ளிப் பன்னிரண்டைத் தாண்டிற்று. ஆசிரியர் காலை எடுத்தார், முள் விழுந்தது, வண்டி ஒரு குலுக்கலோடு மீண்டது. மறுபடியும் அவ்வாறே; மூன்றாம் முறையும் அவ்வாறே. முன்னாசனத்திலிருந்த முதியவர், "போதும் மாஸ்டர், திருப்புங்கோ" என்றார்.

கொட்டாஞ்சேனைக்கு வந்ததும் டிஸ்ரிபியூட்டரின் மூடியை எடுத்தார். அதனுள்ளே பொயின்ற் அமர்ந்திருக்கும் தட்டு அசையாத் தட்டன்று. கார்பரேற்றரிலிருந்து வரும் மெல்லிய குழாயின் உறிஞ்சல், சீரான வேகத்தில் ஓடும்போது, அத்தட்டைச் சில பாகை திருப்பிப் பொறியை முற்படுத்தும். பெற்றோல் சிக்கனத்துக்கான ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் கம்பி அசையாச் சுவரிலும், பொயின்ற் அசையும் தட்டிலும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் விரல் நீளக் கம்பி ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. முதியவர் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டுத் திரும்பிற்று, கம்பியின் இரு முனையிலும் வைத்த மீற்றர் தொடர்பற்றதென்று காட்டிற்று. வாயை எடுத்தார், தொடர்பு மீண்டது. உறைக்குள்ளே செம்பிழைகள் யாவும் அறுந்து, முனைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இப்போது பதினொரு குறிப்புகளும் தாமே பேசின. காலி வீதியின் நெரிசலில் கால் ஏறி இறங்கிக்கொண்டேயிருப்பதால் தட்டு முழுத் தூரம் திரும்பி நிலைப்பதில்லை. விடியற்காலை மரைன் டிரைவில் தடையின்றிச் சீராக ஓடும்போதே அது நிலைத்துத் திரும்பிக் கம்பியை இழுத்தது. காலை எடுத்ததும் உறிஞ்சல் நீங்கித் தட்டு மீண்டது, கம்பியும் தொட்டது. கராஜில் நின்ற நிலையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அகப்படாமைக்கும் இதுவே காரணம். கடலுக்கு இதில் எள்ளளவும் பங்கில்லை. அவ்விடத்துக்கு நுண்ணிழைகள் பல சேர்ந்த, நன்கு நெகிழும் கம்பியே ஏற்றது. எப்போதோ ஒருவர் தடித்த சாதாரணக் கம்பியை இட்டிருந்தார். நான் முன்னர்ச் சொன்ன இடைச்செருகல் இதுவே.

புதிய கம்பியை ஈயம் வைத்து ஒட்ட அரைமணி நேரம் சென்றது. வாங்கிய கூலியை இங்கே எழுதினால் மூன்று கராஜ்காரரும் நாணுவர், விடுகிறேன். கழற்றி எறியப்பட்ட பழைய கொயிலை ஆசிரியர் வண்டியின் பின்பெட்டியில் வைத்திருந்தார். முதியவர் அதைச் சோதித்து, "இது நல்ல கொயில், வைத்திருங்கோ" என்று துடைத்துக் கொடுத்தார்.

இக்காலத்து ஜப்பானிய வண்டிகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்று இளைஞர் சொல்வர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் மாதிரிகள் முதல் விற்பனையாகும் கார்கள் யாவற்றிலும் கோளாற்றைக் குறியெண்ணாகப் பதியும் பொது ஒழுங்கு கட்டாயமாக்கப்பட்டது. இன்று கொழும்புச் சந்துக் கராஜிலும் அதனைப் படிக்கும் கருவி உண்டு. கோளாறு தோன்றிய கணத்தில் வேகம் என்ன, எஞ்சினின் வெப்பம் என்ன, சுமை என்ன என்பவற்றையும் அது உடன் பதிந்துகொள்கிறது. எண்ணிப் பார்த்தால், கணித ஆசிரியரின் சட்டைப்பைப் புத்தகத்தையே அவர்கள் வண்டிக்குள் வைத்துவிட்டனர். இது உயர்ந்த உதவியே. ஆனால் குறியெண் எந்தச் சுற்று என்று சொல்லுமேயன்றி எந்தப் பொருத்து என்று சொல்லாது. உடலோடு பிணைத்த ஒரு முனையில் களிம்பேறினால், நல்ல பாகத்தின்மேற் பொய்க்குற்றம் பதிவதும் உண்டு. அவ்வேளையில் குறியெண்ணைப் படித்துப் பாகத்தை வாங்கி மாட்டுபவர், பழைய மூன்று கராஜ்காரரின் பேரப்பிள்ளையேயாவார். சுமையோடு அளக்கும் பழைய பழக்கத்தைக் கற்பிக்க அம்முதியவரிடம் இன்று இரு பையன்கள் மட்டுமே இருக்கின்றனர். ஒருவன் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்கிறான், நல்ல காரியம்.

ஆசிரியரின் மனைவியார் இப்போது தந்தையாரின் காரிலேயே போய்வருகிறார். வண்டியில் மற்றொரு சிறு குறை எஞ்சியிருக்கிறது: மழை நாளில், ஸ்ரியரிங்கை இடப்புறம் முழுவதும் திருப்பும்போது ஹோர்ன் தானாக ஒலிக்கிறது. அதனைச் சென்ற மாதம் முதியவரிடம் சொன்னார். முதியவர் ஒழுங்கைக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்றைக்கு மழை இல்லையே மாஸ்டர். பெய்யேக்க கொண்டு வாங்கோ."